நடுக்களத்தில் ஓர் எறும்பு: ஃபோர்மீகாவின் 26 ஆண்டுகள்

கேள்வி இது: "என் மகளுக்கு 13 வயது. பள்ளி கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். மிட்ஃபீல்டரை யாரும் கவனிக்க மாட்டார்கள், கோல் அடிக்கிற இடத்துக்கு மாறு என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்கிறார். நடுக்களத்தில் ஆடியே பெரிய பெயர் வாங்கிய பெண்கள் இருக்கிறார்களா? பிரேசிலின் ஃபோர்மீகா என்று ஒருவரைச் சொல்கிறார்கள். அதே அணியில் கோல் குவித்த மார்த்தாவோடு ஒப்பிட்டால் அவர் அடித்த கோல்கள் ரொம்பக் குறைவு. அப்புறம் ஏன் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?"

முதலில் நேரடியான பதில். ஆண், பெண் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய ஒரே ஆள் ஃபோர்மீகாதான். 1995-ல் தொடங்கி 2019 வரை ஒன்றைக்கூட விடவில்லை. ஒலிம்பிக்கிலும் ஏழு. பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதலாக நுழைந்தது 1996 அட்லாண்டாவில். அன்றிலிருந்து 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை எல்லாவற்றிலும் பிரேசில் அணியில் அவர் இருந்தார். டோக்கியோவில் அவருக்கு வயது 43. இவ்வளவு காலம் ஒரு நாட்டின் அணியில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறதென்றால், கோல் கணக்கில் தெரியாத ஏதோ ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார் என்றுதானே அர்த்தம்? அது என்ன என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அவருடைய இயற்பெயர் மிரையில்டெஸ் மாசியல் மோட்டா. 1978 மார்ச் 3-ம் தேதி, பிரேசிலின் வடகிழக்கில் பாஹியா மாநிலத்தின் சல்வடோர் நகரில் பிறந்தார். அந்தத் தேதி முக்கியம். 1941-ல் பிரேசில் அரசு ஓர் ஆணை போட்டது: பெண்கள் தங்கள் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளை ஆடக்கூடாது. 1965-ல் கால்பந்தைப் பெயர் சொல்லியே அந்தத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். தடை நீங்கியது 1979-ல். அதாவது ஃபோர்மீகா பிறந்தபோது, அவருடைய நாட்டில் ஒரு பெண் கால்பந்து ஆடுவது சட்டவிரோதம். பீலேயின் நாட்டில் நிலைமை அப்படி இருந்தது.

தடை போனதும் வீட்டுக்குள் இருந்த எண்ணம் உடனே போய்விடுமா? அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்து அவரும் தெருவில் ஆடினார். அதற்காக அந்த அண்ணன்மாரிடமே அடி வாங்கியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஃபோர்மீகா என்றால் போர்ச்சுகீசிய மொழியில் எறும்பு. சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். எறும்புக் கூட்டம் எப்படித் தனக்கென்று இல்லாமல் புற்றுக்காக வேலை செய்கிறதோ, அப்படி அணிக்காக ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து வைத்தது. பட்டப்பெயர் வைப்பதில் பிரேசில்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒருவருடைய முழு வாழ்க்கையையும் முன்கூட்டியே சொல்லிவிட்ட பெயர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

17 வயதில், 1995-ல், சுவீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் போனார். பிரேசில் முதல் ஆட்டத்தில் சுவீடனை 1-0 என்று வென்றது. அடுத்து ஜப்பானிடம் தோற்றது. கடைசியில் ஜெர்மனியிடம் 6-1 என்று தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது. அந்தக் காலத்து பிரேசில் பெண்கள் அணிக்குத் தனியாகச் சீருடைகூடக் கிடையாது. ஆண்கள் அணி போட்டு மிச்சமானதைத்தான் தருவார்கள். தோளைத் தாண்டித் தொங்கும் சட்டையோடு ஓடினார்கள். 1999-ல் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம், 1996, 2000 ஒலிம்பிக்குகளில் நான்காம் இடம் எல்லாம் இப்படி ஆடி வாங்கியவை.

சரி, நடுக்களத்தில் நின்று அவர் செய்த வேலைதான் என்ன?

கோல்கீப்பர் பந்தை உயரமாக உதைக்கிறார் என்று வையுங்கள். பாதி மைதானத்தில் இரண்டு பேர் தலையால் முட்டுகிறார்கள். பந்து எங்கோ தெறித்து விழுகிறது. விழுகிற அந்த இடத்தில் முதலில் யார் நிற்கிறார்கள்? அந்தப் பந்து யாருக்குக் கிடைக்கிறதோ அவர்களுக்குத்தான் அடுத்த அரை நிமிடம் ஆட்டம் சொந்தம். ஒரு ஆட்டத்தில் இப்படி டஜன் கணக்கில் பந்துகள் விழும். ஃபோர்மீகா அவற்றில் பெரும்பங்கை எடுத்துவிடுவார். வேகமாக ஓடியதால் மட்டும் அது நடக்கவில்லை, விழப்போகும் இடத்தை நோக்கி முன்னதாகவே இரண்டு அடி வைத்திருப்பார். பந்து அவரிடம் வருவதற்கு முன் தலை ஒருமுறை இடது தோளுக்கு மேல் திரும்பும், ஒருமுறை வலது தோளுக்கு மேல் திரும்பும். வந்ததும் ஒரே தொடலில் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஓட்டையை அடைக்கப் போய்விடுவார். தொலைக்காட்சியில் பார்த்தால் இது கண்ணில் படாது, கேமரா பந்தோடு போய்விடும். அவர் அடைத்த ஓட்டை வழியாக எதிரணி வராமலே போனதை எந்தக் கேமராவும் காட்டாது.

இதற்கு ஓர் அத்தாட்சி வேண்டுமென்றால் 2019 உலகக் கோப்பையில் பிரேசில் - ஆஸ்திரேலியா ஆட்டத்தைச் சொல்வேன். ஜூன் 13, பிரான்சின் மோன்பெலியே நகரம், நம்ம நேரத்துக்கு இரவு ஒன்பதரை மணி. ஃபோர்மீகாவுக்கு வயது 41. முதல் பாதியில் பிரேசில் இரண்டு கோல் போட்டு முன்னால் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் ஆஸ்திரேலியா ஒன்றைத் திருப்பியது. இடைவேளையில் மார்த்தாவையும் ஃபோர்மீகாவையும் வெளியே எடுத்துவிட்டார்கள். மார்த்தா காயத்திலிருந்து திரும்பி வந்தவர், ஃபோர்மீகா மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். இரண்டாம் பாதி தொடங்கி இருபது நிமிடம் தாண்டியதும் 2-0 என்று இருந்த ஆட்டம் 2-3 ஆகிவிட்டது. மார்த்தா இல்லாததால் முன்னால் பலம் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த இரண்டாம் பாதியை நான் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கண்ணில் படுவது பிரேசில் டிஃபெண்டர்களுக்கு முன்னால் இருந்த வெற்றிடம்தான். முதல் பாதியில் அங்கே ஒரு ஆள் இருந்தார். இரண்டாம் பாதியில் ஆஸ்திரேலியர்கள் நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, வேண்டிய இடத்துக்குப் பந்தை அனுப்பினார்கள். மார்த்தா இல்லாததைப் பற்றி அன்று எல்லோரும் பேசினார்கள். ஃபோர்மீகாவின் 8-ம் எண் சட்டை இல்லாததைப் பற்றிச் சிலர்தான் பேசினார்கள்.

அவர் கோலே போடாதவர் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் அரையிறுதியில், உலகச் சாம்பியனாக வந்த ஜெர்மனி முதலில் கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்கு முன் அதைச் சமன் செய்தவர் ஃபோர்மீகா. அந்த ஆட்டத்தை பிரேசில் 4-1 என்று வென்றது. 2015 உலகக் கோப்பையில் மொன்ட்ரியலில் தென்கொரியாவுக்கு எதிராக அடித்த கோல்தான் எனக்குப் பிடித்தது. கொரிய வீராங்கனை ஒருவர் தன் கோல்கீப்பருக்குப் பின்னோக்கிக் கொடுத்த பாஸ் கொஞ்சம் பலம் குறைந்துவிட்டது. அது குறையும் என்று முன்பே தெரிந்தவர் மாதிரி ஃபோர்மீகா அங்கே ஓடிக்கொண்டிருந்தார். குறுக்கே புகுந்து எடுத்து, அமைதியாக வலைக்குள் தள்ளினார். 37 வயதில் அடித்த அந்த கோல், பெண்கள் உலகக் கோப்பையில் மிக மூத்த வயதில் அடிக்கப்பட்ட கோல் என்ற சாதனை ஆனது. ஒரு மிட்ஃபீல்டருக்கே உரிய கோல் அது. மற்ற நாட்களில் ஆபத்தைத் தடுக்கப் பயன்பட்ட அதே கண், அன்று கோலாக மாறியது.

பிழைப்புக்கு வருவோம். ஒரு பெற்றோராக உங்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் நிலையான சம்பளம், நிலையான கிளப் என்று தோன்றும். அவருக்கு அப்படி அமையவில்லை. பிரேசிலில் பல கிளப்கள், நடுவில் சுவீடனில் மால்மோ. அமெரிக்காவில் 2009-ல் புதிதாக ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். அதில் முதலில் கோல்டு பிரைடு, அடுத்த ஆண்டு சிகாகோ ரெட் ஸ்டார்ஸ். 2010 முடிவதற்குள் அந்த இரண்டு அணிகளுமே லீக்கில் இல்லை, 2012-ல் லீக்கே மூடப்பட்டது. திரும்பவும் பிரேசில், சாவோ ஜோசே அணி. அந்த அணி 2013, 2014 ஆண்டுகளில் தென்னமெரிக்க கிளப்களுக்கான லிபெர்தடோரெஸ் கோப்பையை வென்றது. 2014 இறுதியில் ஜப்பானில் நடந்த சர்வதேச கிளப் போட்டியில் இங்கிலாந்தின் ஆர்செனலையும் தோற்கடித்தது. வெளியுலகில் இதற்குப் பெரிய பேச்சே இல்லை.

பெரிய ஐரோப்பிய கிளப்பின் வாசல் அவருக்குத் திறந்தது 2017 ஜனவரியில். பாரிஸ் சென் ஜெர்மென். அப்போது அவருக்கு 38 வயது, 39-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் ஆகியிருப்பார்கள். அவரோ அங்கே நாலரை ஆண்டு ஆடினார். 2018-ல் லியோன் அணியைத் தோற்கடித்துப் பிரெஞ்சுக் கோப்பை. 2020-21-ல் பிரெஞ்சு லீக் பட்டம். லியோன் அதற்கு முன் 14 ஆண்டுகள் தொடர்ந்து அந்தப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தொடரை முறித்த அணியில் 43 வயதுக்காரர் ஒருவர் இருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். உடம்பைப் பேணியது ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. இன்னொரு காரணம் அவர் ஆடிய இடம். விளிம்பில் ஓடும் ஆட்டக்காரர் வேகத்தை நம்பி இருப்பவர், 32 வயதில் வேகம் ஒரு துளி குறைந்தாலும் எதிராளி முந்திவிடுவார். நடுக்களத்தில் ஆடுபவருக்கு வேகம் குறையும்போது கை கொடுக்க வேறொன்று சேர்ந்துகொண்டே வரும். ஆயிரம் ஆட்டங்களில் பார்த்தது தலைக்குள் தங்கிவிடும். இளமையில் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடியவர், வயது ஏற ஏற டிஃபெண்டர்களுக்கு அருகே இறங்கி வந்து ஆடினார். குறைவாக ஓடி, சரியான இடத்தில் நின்றார். உங்கள் மகளின் பயிற்சியாளர் சொல்வதை இந்த இடத்தில்தான் நான் மறுப்பேன். கோல் அடிக்கிற இடம் சீக்கிரம் பெயர் தரும், சரி. நீண்ட ஆயுள் தருவது பெரும்பாலும் நடுக்களம். 1978-ல் பிறந்த இன்னொரு மிட்ஃபீல்டர் ஜப்பானின் ஹோமாரே சாவா. அவரும் ஆறு உலகக் கோப்பை ஆடினார், 2011-ல் கோப்பையையே தூக்கினார். நம்மூரில் கடலூர் இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில் ஆடித்தான் இந்திய அணிக்குப் போனார், தமிழ்நாடு காவல்துறையில் வேலையும் பார்க்கிறார்.

சாவாவுக்குக் கிடைத்தது ஃபோர்மீகாவுக்குக் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோல்வி. 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் அதே அமெரிக்காவை 4-0 என்று நொறுக்கிவிட்டு, ஷாங்காயில் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 2-0 தோல்வி. 2008 பெய்ஜிங் இறுதியில் மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் கூடுதல் நேரம், 1-0. ஷாங்காயில் வெள்ளிப் பதக்கம் வாங்கும்போது பிரேசில் வீராங்கனைகள் ஒரு பதாகையைப் பிடித்து நின்றார்கள், தங்களுக்கு ஆதரவு வேண்டும் என்று எழுதி. உலகின் இரண்டாவது அணி தன் நாட்டிடமே அப்படிக் கேட்க வேண்டியிருந்தது.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே ஓடுகிற ஓர் இழை யாரோ எழுதி வைத்த கதை மாதிரி இருக்கும். 1995-ல் ஃபோர்மீகாவின் முதல் உலகக் கோப்பையில் சுவீடன் அணியில் ஆடியவர் பியா சுந்தாகெ. 2008-ல் பெய்ஜிங்கில் தங்கத்தைப் பறித்த அமெரிக்க அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். 2011 உலகக் கோப்பைக் காலிறுதியில் 122-வது நிமிடத்தில் சமன் செய்து பெனால்டியில் பிரேசிலை வெளியேற்றிய அமெரிக்காவுக்கும் அவரே. 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில், மரக்கானாவில் எழுபதாயிரம் பேர் முன்னால், பெனால்டியில் பிரேசிலை வீழ்த்திய சுவீடனுக்கும் அவரே. அதே சுந்தாகெ 2019-ல் பிரேசிலின் பயிற்சியாளராக வந்தார். வந்தவர், 41 வயது ஃபோர்மீகாவை அணியில் தொடர்ந்து வைத்துக்கொண்டார். பத்து ஆண்டுக்கு மேல் எதிர்ப்பக்கத்தில் நின்று திட்டம் போட்டவருக்கு அந்த ஆட்டக்காரரின் மதிப்பு தெரியாமல் இருக்குமா?

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. ஏழு உலகக் கோப்பை என்பதை எல்லோரும் சாதனையாக மட்டும் பார்க்கிறோம். 2016 டிசம்பரில் மனாவுஸ் நகரில் நடந்த ஒரு போட்டித் தொடரோடு தேசிய அணியிலிருந்து ஃபோர்மீகா விடைபெற்றுவிட்டார். கண்ணீரும் கைத்தட்டலுமாக எல்லாம் முடிந்தது. ஒரு வருடம் கழித்து அப்போதைய பயிற்சியாளர் வடாவோ அவரை மறுபடி அழைத்தார். 40 வயதில் திரும்பி வந்து, தென்னமெரிக்க நாடுகளுக்கான 2018 கோப்பா அமெரிக்கா கோப்பையை வென்ற அணியில் ஆடி, 2019 உலகக் கோப்பைக்கும் போனார். 20 கோடிக்கு மேல் மக்கள் உள்ள, கால்பந்தையே மூச்சாகச் சுவாசிக்கிற ஒரு நாட்டில், அவர் இடத்துக்கு ஓர் இளம்பெண்ணைத் தயார் செய்து வைக்கவில்லை. பெரிய கிளப்கள் பெண்கள் அணி வைத்திருக்க வேண்டும் என்ற விதியே அங்கே 2019-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தேசிய அணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே படித்தொகை என்று கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது 2020-ல். ஃபோர்மீகாவின் நீண்ட ஆயுளை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்படுகிறேனோ, அவரை அவ்வளவு காலம் ஓட வைத்தவர்கள் மேல் அவ்வளவு கோபமும் வருகிறது.

2019 ஜூன் 23, லே ஹாவ்ர் நகரம். பிரான்சிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்று வெளியேறிய பிறகு மார்த்தா கேமராவைப் பார்த்துப் பேசினார். தன் நாட்டின் இளம்பெண்களிடம்தான் பேசினார். என்றென்றைக்கும் ஒரு ஃபோர்மீகா இருக்கப் போவதில்லை, மார்த்தாவும் கிறிஸ்தியானியும்கூட இருக்கப் போவதில்லை, பெண்கள் கால்பந்து பிழைக்க வேண்டுமென்றால் அது உங்கள் கையில்தான் என்றார். உலகமே திருப்பித் திருப்பிப் பார்த்த பேச்சு அது. அதில் மார்த்தா முதலில் சொன்ன பெயர் யாருடையது என்று கவனியுங்கள். அன்றைக்கு ஃபோர்மீகாவின் வயது 41 ஆண்டு 112 நாள். பெண்கள் உலகக் கோப்பையில் அதைவிட மூத்த வயதில் யாரும் ஆடியதில்லை.

கடைசி ஆட்டத்தில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. டோக்கியோவில் காலிறுதியில் கனடாவிடம் பெனால்டியில் தோற்ற பிறகு, 2021 நவம்பர் 25-ம் தேதி அவருக்கு உண்மையான விடைகொடுப்பு ஆட்டம் வைத்தார்கள். அதே மனாவுஸ், அதே அமேசான் அரங்கம். எதிரணி இந்தியா. இங்கே மறுநாள் காலை ஆறரை மணி. முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் போட்டது. எட்டாவது நிமிடத்தில் மனிஷா கல்யாண் அதைச் சமன் செய்தபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மனிஷாவுக்கு அன்று இருபது வயது நிறைய இரண்டு நாள் பாக்கி. அவர் பிறந்தபோது ஃபோர்மீகா இரண்டு உலகக் கோப்பையும் இரண்டு ஒலிம்பிக்கும் ஆடி முடித்திருந்தார். ஆட்டம் 6-1 என்று பிரேசில் பக்கம் போனது. கடைசிக் கட்டத்தில் ஃபோர்மீகா மாற்று வீராங்கனையாக உள்ளே வந்தார். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. அந்தச் சில நிமிடங்களில் அவர் பெரிதாக எதுவும் செய்து காட்டவில்லை. பந்து வந்தால் தலையைத் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

ஒலிம்பிக்கில் பிரேசில் முதன்முறையாக ஃபோர்மீகா இல்லாமல் ஆடியது 2024 பாரிஸில்தான். வெள்ளி வாங்கியது. 2027 உலகக் கோப்பை பிரேசிலில் நடக்கிறது, ஆட்டங்கள் நடக்கும் நகரங்களில் சல்வடோரும் ஒன்று.

உங்கள் மகளிடம் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். மோன்பெலியே ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவு கிடைத்தால், முதல் பாதியில் பந்தை விட்டுவிட்டு 8-ம் எண் சட்டையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சத்தத்தை அணைத்துவிடுவது நல்லது, வர்ணனையாளர் பந்தைப் பற்றியேதான் பேசுவார். ஒரு தாளில், அவர் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார் என்று கோடு போட்டுக்கொண்டே வரட்டும். இரண்டாம் பாதி தொடங்கியதும், அந்த இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று அவளையே கேளுங்கள்.